அழுத்தத்துக்குத் தப்பிய பாக்டீரியா என்ன செய்கிறது? உணவுப் பதப்படுத்தலை ஓமிக்ஸ் வழியே பார்ப்பது எப்படி

சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பழச்சாறு பாட்டில்கள் சிலவற்றில் ‘சூடாக்கப்படாதது, உயர் அழுத்தத்தில் பதப்படுத்தியது’ என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழேயே ‘ஃப்ரிட்ஜில் வைக்கவும்’ என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். கிருமிகள் செத்துவிட்டன என்றால் ஃப்ரிட்ஜ் எதற்கு? சாகவில்லை என்றால் எப்படி விற்கிறார்கள்?

மிகப் பெரும்பாலானவை செத்துவிட்டன, ஆனால் எல்லாமும் சாகவில்லை என்பதுதான் பதில். எந்தப் பதப்படுத்தும் முறைக்கும் இது பொருந்தும். தப்பியவை எவை, எப்படித் தப்பின, அடுத்த சில வாரங்களில் என்ன செய்யும் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் தேட வந்த ஆய்வு முறைகளுக்குத்தான் மொத்தமாக ஓமிக்ஸ் என்று பெயர்.

முதலில் லாக் கணக்கு

பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் கண்ணாடி ஜாடியில் உணவை அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையை 1810இல் வெளியிட்டபோது பாக்டீரியாதான் உணவைக் கெடுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டர் அதை விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அன்றிலிருந்து இந்தத் துறையின் மொழி எண்ணிக்கைதான்: எத்தனை இருந்தன, எத்தனை மிஞ்சின.

பத்தில் ஒன்று மட்டும் மிஞ்சினால் அது ஒரு லாக் குறைப்பு. நூறில் ஒன்று மிஞ்சினால் இரண்டு லாக். அமெரிக்காவில் பழச்சாறு தயாரிப்பவர்கள் ஐந்து லாக் குறைப்பைக் காட்ட வேண்டும் என்று 2001இல் விதி வந்தது. அதாவது லட்சத்தில் ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. டின் உணவுக்குக் கணக்கு இன்னும் கடுமை. பாட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நச்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகளை, அதாவது நெருக்கடியில் அது எடுக்கும் உறக்க வடிவத்தை, 12 லாக் குறைக்க வேண்டும். லட்சம் கோடியில் ஒன்று. 121 டிகிரியில் சுமார் மூன்று நிமிடம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பால் பாக்கெட்டுக்கு 72 டிகிரியில் 15 விநாடி போதும் என்பதும் இப்படி ஒரு கணக்குதான். ஆனால் அது வித்துகளைக் கொல்வதற்கான கணக்கு இல்லை. பாக்கெட் பாலை வெளியே வைத்தால் கெட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உயர் அழுத்த முறையும் புதிது இல்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் என்பவர் பாலை அழுத்தத்தில் வைத்தால் கெடாமல் தாங்குகிறது என்று 1899லேயே எழுதினார். அதற்கேற்ற எஃகுக் கலன்கள் வணிகத்துக்கு வரவே 1990 ஆகிவிட்டது. முதலில் ஜப்பானில் ஜாம் விற்றார்கள்.

முறை இதுதான். அடைத்து மூடிய பாட்டில்களைக் கலனுக்குள் வைத்து, தண்ணீர் நிரப்பி, 400 முதல் 600 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் வைக்கிறார்கள். 600 மெகாபாஸ்கல் என்றால் நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 6,000 மடங்கு. கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில் உள்ள அழுத்தத்தைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். ஆனாலும் பிளாஸ்டிக் பாட்டில் உடையாது. தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துவதால் ஒரு பக்கமாக நசுங்க இடமில்லை. உள்ளே இருக்கும் சாறும் தண்ணீரும் ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கி, அழுத்தம் விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிடும்.

மூலக்கூறுகளுக்குள் இருக்கும் வலுவான பிணைப்புகளை இந்த அழுத்தம் உடைப்பதில்லை. அதனால்தான் சாற்றின் மணமும் வைட்டமினும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. புரதங்களை மடித்து வைத்திருக்கும் மெல்லிய பிடிகளும் செல்லைச் சுற்றியுள்ள சவ்வும்தான் குலைகின்றன. பாக்டீரியா சாவதும் அதனால்தான்.

தட்டில் எண்ணுவதன் குறை

இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்த கருவி அகார் தட்டு, அதாவது பாக்டீரியா வளரச் சத்துக் கூழ் இட்ட தட்டு. உணவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, ஓரிரு நாள் கதகதப்பில் வைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள். எளிது, மலிவு. இன்றும் அது இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. ஆனால் மூன்று இடங்களில் அது கைவிடுகிறது.

1. அடிபட்ட செல்கள். அழுத்தமோ சூடோ பட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் செல், உப்போ கிருமித்தடுப்பு மருந்தோ கலந்த கடுமையான அகாரில் முளைக்காது. தட்டு பூஜ்யம் காட்டும். அதே உணவைப் பத்து நாள் குளிரில் வைத்துச் சோதித்தால் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அந்தப் பத்து நாளில் அது தன்னைத் தானே பழுது பார்த்திருக்கும்.

2. உயிரோடு இருந்தும் வளராதவை. சில செல்கள் எந்தத் தட்டிலும் முளைக்காத ஒரு நிலைக்குப் போய்விடுகின்றன. சவ்வு முழுதாக இருக்கும், உள்ளே இயக்கமும் கொஞ்சம் இருக்கும்.

3. காரணம். லட்சத்தில் ஒன்று தப்பியது என்று தட்டு சொல்லும். அது தற்செயலாகத் தப்பியதா, இல்லை அதன் மரபணுவிலேயே ஏதோ மாறியிருக்கிறதா என்று சொல்லாது. தற்செயல் என்றால் அடுத்த முறை அதுவும் சாகும். மாற்றம் என்றால் அதன் பிள்ளைகளும் தப்பும். பாதுகாப்புக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல.

ஓமிக்ஸ்: ஒரே செல்லைப் பார்க்க ஐந்து சாளரம்

ஒரு கல்யாணச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. ஜீனோமிக்ஸ் என்பது தலைமைச் சமையல்காரரின் குறிப்பேடு முழுவதையும் படிப்பது. டி.என்.ஏ மொத்தத்தையும் எழுத்து எழுத்தாக வாசிக்கிறார்கள். அவருக்கு என்னென்ன சமைக்கத் தெரியும் என்பது புரியும். இன்று என்ன சமைக்கிறார் என்பது புரியாது.

2. டிரான்ஸ்கிரிப்டோமிக்ஸ் என்பது இன்றைக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகளை எண்ணுவது. எந்த மரபணுவிலிருந்து எத்தனை ஆர்.என்.ஏ நகல் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

3. புரோட்டியோமிக்ஸ் என்பது களத்தில் நிற்கும் ஆட்களை எண்ணுவது. செல்லின் வேலையைச் செய்வது புரதங்கள்தான். சீட்டு எழுதியிருந்தும் ஆள் வராமல் இருக்கலாம்.

4. மெட்டபோலோமிக்ஸ் என்பது இலையில் என்ன விழுந்தது என்று பார்ப்பது: அமிலங்கள், சர்க்கரைகள், வாடை தரும் பொருள்கள்.

5. மெட்டாஜீனோமிக்ஸ் என்பது மண்டபத்தில் இருக்கும் எல்லாச் சமையல்காரர்களின் குறிப்பேடுகளையும் ஒரே கட்டாக வாசிப்பது. உணவில் உள்ள மொத்த நுண்ணுயிர்க் கூட்டத்தின் டி.என்.ஏவையும், எதையும் தட்டில் வளர்க்காமலே படிக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது

இதில் முதல் சாளரம் மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு 2017, 2018இல் தென்னாப்பிரிக்கா கண்ட லிஸ்டீரியா பரவல் சாட்சி. லிஸ்டீரியா என்பது உணவு வழியே நோய் தரும் ஒரு பாக்டீரியா. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 1,060 பேர். இறந்தவர்கள் 216 பேர். நோய் கண்டவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். உலகில் இதுவரை பதிவான லிஸ்டீரியா பரவல்களில் இதுவே பெரியது.

லிஸ்டீரியாவில் ஒரு பெரிய சிரமம், சாப்பிட்ட நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் நடுவே பல வாரங்கள் ஓடிவிடலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? மாதக்கணக்கில் ஊற்று எங்கே என்றே தெரியவில்லை. 2018 ஜனவரியில் சோவெட்டோவின் குழந்தைகள் காப்பகம் ஒன்றிலிருந்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகச் சில குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்தக் குழந்தைகள் சாப்பிட்டிருந்தது போலோனி. அரைத்த இறைச்சியை உறையில் அடைத்து வேகவைத்த உருளை அது. அங்கே அதை வில்லையாக அறுத்து, மறுபடி சூடாக்காமல் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். ஏழைகளின் மலிவான கறி.

அதற்கு முன்பே நோயாளிகளின் பாக்டீரியாக்களைத் தொடர்ந்து மரபணு வாசிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பத்தில் ஒன்பது மாதிரிகள் எஸ்.டி.6 என்ற ஒரே வகை. போலோனி தயாரித்த பொலோக்வானே நகர ஆலைக்குள் எடுத்த மாதிரிகளிலும் அதே எஸ்.டி.6 இருந்தது. மார்ச் 4ஆம் தேதி அரசு ஊற்றை அறிவித்தது. வேகவைக்கும் சூட்டில் லிஸ்டீரியா நிச்சயம் சாகும். அப்படியானால் வெந்த பிறகுதான் அது இறைச்சிக்கு வந்திருக்க வேண்டும். கொல்லும் படி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், அதற்குப் பின்னால் வரும் படிகளில் ஆலை தோற்றால் எல்லாம் வீண் என்பதை இவ்வளவு பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது கொடுமை.

ஃப்ரிட்ஜுக்குள் லிஸ்டீரியா

லிஸ்டீரியா பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெதுவாக வளரும். மற்ற கிருமிகள் முடங்கிக் கிடக்கும்போது இதற்கு மட்டும் களம் காலியாகக் கிடைக்கிறது. 2001இல் இதன் ஒரு வகையின் மரபணுத்தொகுதியை முழுதாக வாசித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 29 லட்சம் எழுத்துகள், 2,853 மரபணுக்கள். அந்தக் குறிப்பேடு கையில் கிடைத்த பிறகு, குளிரில் எந்தப் பக்கங்களைத் திறக்கிறது என்று பார்ப்பது சாத்தியமானது.

குளிரில் வெண்ணெய் இறுகுவது போலச் செல்லின் சவ்வும் இறுகும். இறுகினால் உணவை உள்ளே இழுக்க முடியாது. எனவே கிளைவிட்ட, குட்டையான கொழுப்பு அமிலங்களைக் கூட்டிச் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. அடுத்து, குளிரில் ஆர்.என்.ஏ இழைகள் தமக்குள்ளேயே சுருண்டு சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்கவென்றே குளிர்ப் புரதங்களை உற்பத்தி செய்கிறது. மூன்றாவதாக, பீட்டைன், கார்னிட்டைன் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியிலிருந்து வாரி எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கார்னிட்டைன் இறைச்சியில் தாராளமாக இருக்கிறது.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் பதப்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. உப்பைத் தாங்குவதற்கும் லிஸ்டீரியா இதே பீட்டைனையும் கார்னிட்டைனையும்தான் பயன்படுத்துகிறது. உப்பு போட்ட இறைச்சியைக் குளிரில் வைக்கும்போது நாம் இரண்டு தடைகள் வைத்ததாக நினைக்கிறோம். பாக்டீரியாவுக்கோ அது பாதி அளவுக்கு ஒரே தடைதான். ஒன்றுக்குத் தயாரானது மற்றதற்கும் தயாராகிவிடுகிறது. இதைக் குறுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். தட்டில் எண்ணியபோதே இப்படி ஒன்று நடப்பது தெரிந்திருந்தது. ஏன் என்று மரபணு அளவில் பார்த்த பிறகே புரிந்தது.

அழுத்தம் தாங்கியவை

டாஸ்மேனியா பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் வந்த ஆய்வு ஒன்றில் லிஸ்டீரியாவை 400, 600 மெகாபாஸ்கலில் ஐந்து நிமிடம் வைத்து, எந்த மரபணுக்கள் கூடின, எவை குறைந்தன என்று அளந்தார்கள். டி.என்.ஏ பழுதுபார்ப்பு, புரதம் தயாரிக்கும் இயந்திரம், செல்சுவரும் சவ்வும் கட்டும் மரபணுக்கள் ஆகியவை கூடியிருந்தன. ஆற்றல் உற்பத்தி, சர்க்கரையைச் செரிப்பது, நோய் உண்டாக்குவது ஆகியவற்றுக்கான மரபணுக்கள் அடங்கியிருந்தன. புயலில் அடிபட்ட வீட்டில் முதலில் கூரையைப் போட்டுவிட்டு அடுப்பைப் பிறகு பார்ப்பது போல.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நெதர்லாந்தில் அதற்கும் முன்பே கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு. லிஸ்டீரியாவை 400 மெகாபாஸ்கலில் இருபது நிமிடம் வைத்து, மிஞ்சியவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று மறுமுறை அழுத்தியபோதும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியது. அதன் சந்ததியும் தாங்கியது. தற்செயல் இல்லை, மாற்றம்.

எங்கே மாற்றம் என்று தேடிப் போனால் சி.டி.எஸ்.ஆர் என்ற ஒரே மரபணுவில் வந்து நின்றது. இந்த மரபணு தரும் புரதம் ஒரு பூட்டு மாதிரி. சேதமான புரதங்களைச் சீர்செய்யவும் அப்புறப்படுத்தவும் உள்ள படையை, ஆபத்து இல்லாத காலத்தில் பூட்டி வைத்திருக்கும். அந்தப் புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் நான்கு முறை அடுத்தடுத்து வரும் இடம் ஒன்று உண்டு. தப்பிய பாக்டீரியாவில் அதில் ஒரு கிளைசினைக் காணவில்லை. 29 லட்சம் எழுத்துகளில் மூன்று எழுத்து விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். பூட்டு கெட்டு, படை எப்போதும் தயாராக நிற்கிறது. அழுத்தத்தோடு சூட்டையும் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும்கூட அது கூடுதலாகத் தாங்கியது.

ஆனால் இதற்கு அது கொடுத்த விலையும் பெரிது. நீந்தும் திறன் போய்விட்டது. நோய் உண்டாக்கும் வலுவும் குறைந்துவிட்டது. ஒரே மூன்றெழுத்துக் கோர்வை திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட இடங்கள் டி.என்.ஏ நகலெடுக்கும்போது எளிதில் வழுக்கும். அதனால் கோடிக்கணக்கான செல்கள் உள்ள கூட்டத்தில் இந்த மாற்றம் கொண்ட ஒன்றிரண்டு ஏற்கெனவே இருக்க வாய்ப்பு உண்டு. அழுத்தம் அவற்றை உண்டாக்குவதில்லை, பொறுக்கி எடுக்கிறது.

சூட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு. கனடாவின் ஒரு மாட்டிறைச்சி ஆலையில் கிடைத்த ஈ.கோலை பாக்டீரியா வழக்கத்தைவிடப் பல மடங்கு சூட்டைத் தாங்கியது. அதன் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 14,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு அதற்குக் காரணம் என்று கண்டார்கள். அந்தத் துண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. லிஸ்டீரியாவின் சில வகைகளில் ஆலையைக் கழுவும் பென்சால்கோனியம் குளோரைடை வெளியே இறைத்துத் தள்ளும் பம்ப் மரபணுக்களும் இதே போலத் தாவுகின்றன.

வாக்யூம் பாக்கெட்டில் யார் ஜெயிக்கிறார்கள்

காற்றை உறிஞ்சி அடைத்த இறைச்சியிலும், கரியமில வாயு நிரப்பிய பாக்கெட்டிலும் நடப்பது கொலையைவிட ஆள்மாற்றம்தான். ஆக்சிஜன் இல்லாததால், காற்றில் வைத்த இறைச்சியைக் கெடுக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தேங்கிவிடும். அந்த இடத்தை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பிடிக்கும். மெட்டாஜீனோமிக்ஸில் இந்தக் கைமாற்றத்தை நாள்வாரியாகப் பார்க்கலாம். இதில் லாட்டிலாக்டோபேசிலஸ் சாகெய் என்ற பாக்டீரியாவின் கதை ருசியானது. இறைச்சியில் சர்க்கரை குறைவு. ஆனால் விலங்கு இறந்தபின் தசையின் ஆற்றல் மூலக்கூறு சிதைந்து இனோசின் சேரும். 2005இல் இந்த பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி வெளியானபோது, இனோசினைத் தின்று வாழ அதனிடம் வழி இருப்பது தெரிந்தது. இறைச்சியில் ஏன் இது ஜெயிக்கிறது என்பது அதில் விளங்கியது. இப்போது இதையே காவலுக்கு வைத்து, லிஸ்டீரியாவுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

தவறாகப் படிக்கும் இடங்கள்

ஓமிக்ஸ் என்று பெயர் வந்தாலே முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் செய்திகளில் இருக்கிறது. அப்படி எடுக்கக் கூடாது.

1. டி.என்.ஏ பிணத்திலும் இருக்கும். பதப்படுத்திய உணவில் லிஸ்டீரியாவின் டி.என்.ஏ கிடைத்தது என்பதால் லிஸ்டீரியா உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. இதற்காகச் சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் புகுந்து அதன் டி.என்.ஏவை முடக்கும் சாயம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஓரளவுக்கு உதவும்.

2. லட்சத்தில் ஒன்றுதான் தப்புகிறது என்றால், அழுத்தம் விட்ட உடனே எடுக்கும் ஆர்.என்.ஏ யாருடையது? சாகப்போகும் 99,999 செல்களுடையது. தப்பப்போகும் ஒன்றின் குரல் அந்த இரைச்சலில் கேட்காது. இந்தத் துறையின் மிகப் பெரிய முட்டுக்கட்டை இதுதான் என்பேன். இதைத் தவிர்க்கப் பலர் 200 மெகாபாஸ்கல் போன்ற குறைந்த அழுத்தத்தில், பெரும்பகுதி செல்கள் பிழைக்கும்படி ஆய்வு செய்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அதில் கிடைத்ததை அப்படியே ஆலையின் 600க்கு நீட்டிச் சொல்ல முடியாது.

3. சீட்டு கூடியது என்பதற்காக அந்த மரபணுதான் காப்பாற்றியது என்று ஆகாது. அதை நீக்கிய பாக்டீரியாவைத் தயாரித்து, அழுத்தி, உண்மையிலேயே கூடுதலாகச் சாகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசிச் சோதனைக்கு மறுபடி அகார் தட்டுதான்.

4. ஆய்வகச் சத்துக் குழம்பில் கண்டது ஹாம் என்ற பன்றி இறைச்சியிலோ மாம்பழச் சாற்றிலோ அப்படியே நடக்காது. கொழுப்பும் உப்பும் அமிலமும் எல்லாவற்றையும் மாற்றும்.

மறுபடி அந்தப் பாட்டில்

உயர் அழுத்தம் வித்துகளைக் கொல்வதில்லை. பேசிலஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்றவை நெருக்கடியில் வித்தாக மாறிவிடும். உள்ளே தண்ணீர் வற்றி, கால்சியமும் டைபிக்கோலினிக் அமிலமும் நிறைந்து, தடித்த உறைகளுக்குள் உறங்கும். சாதாரண வெப்பநிலையில் 600 மெகாபாஸ்கல் அதற்குப் போதாது. 100 முதல் 300 மெகாபாஸ்கல் வரையிலான மிதமான அழுத்தம் பட்டால் வித்து, சாப்பாடு வந்துவிட்டது என்று ஏமாந்து முளைக்கத் தொடங்கும். உணவை உணரும் அதன் உணர்விகளை அழுத்தமே தட்டி எழுப்பிவிடுகிறது. முளைத்ததும் அது மென்மையாகிவிடும், மிதமான சூட்டிலேயே சாகும். எழுப்பிவிட்டுக் கொல்வது என்ற இந்த வழியை நிறையப் பேர் முயல்கிறார்கள். எழாமல் உறங்கிக்கொண்டே இருக்கும் சில வித்துகள்தான் தடை. அவை ஏன் எழவில்லை என்பதைத்தான் இப்போது மரபணுவிலும் புரதத்திலும் தேடுகிறார்கள்.

அதுவரை அந்த வேலையைச் செய்வது புளிப்பும் குளிரும்தான். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலினம் வித்துகள் முளைத்து நச்சு சுரக்காது. ஆரஞ்சு, அன்னாசி, எலுமிச்சைச் சாறுகள் அதற்குக் கீழேயே இருக்கின்றன. காரட், இளநீர் போன்றவை மேலே இருக்கின்றன. 2006இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் காரட் சாறு குடித்த ஆறு பேருக்குப் பாட்டுலிசம் வந்தது. அது அழுத்தத்தில் வைத்த சாறு இல்லை, முறையாகப் பாஸ்டர் முறையில் சூடாக்கியது. அந்தச் சூடும் வித்துகளைக் கொல்லாது. சாறு போதிய குளிரில் இல்லாமல் போனதுதான் வித்துகளுக்கு வழிவிட்டது.

எனவே அந்தப் பாட்டிலை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அது என்ன சாறு, புளிப்பா புளிப்பில்லாததா? அப்புறம், கடையில் அது எங்கே நின்றது? குளிர்ப்பெட்டிக்கு வெளியே அடுக்கி வைத்த இளநீரோ காரட் சாறோ என்றால், லேபிளில் எத்தனை மெகாபாஸ்கல் போட்டிருந்தாலும் எடுக்காதீர்கள்.